பசையில்லாப் பஞ்சர் ஒட்டு: நான்கு மாதம் ஒட்டிப் பார்த்ததில்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. ஒட்டும் திறனை மட்டும் கேட்டால் இரண்டுதான். மீதி ஒன்று எதற்கு என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம். அவசரக்காரர்கள் இரண்டு என்று வைத்துக்கொண்டு இத்துடன் கிளம்பலாம்.

விழுப்புரத்தில் எனக்குச் சைக்கிள் கடை. 1989இல் பன்னிரண்டு வாடகை சைக்கிள்களை வைத்துத் தொடங்கினேன். இப்போது வாடகைக்கு எடுக்க ஆளில்லை. பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லா மிதிவண்டி, பால்காரர் சைக்கிள், சர்க்கரைக்குப் பயந்து மிதிக்கத் தொடங்கிய ஓய்வூதியக்காரர்களின் கியர் சைக்கிள், இவற்றில்தான் பிழைப்பு ஓடுகிறது. சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, ஓவராயில் செய்வது எல்லாம் உண்டு என்றாலும் தினமும் கையில் காசு புரளவைப்பது பஞ்சர்தான்.

பொருள் இதுதான். தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஆறு சதுர ஒட்டுகள், நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் உப்புத்தாள். பின்பக்கத் தாளை உரித்து, டியூப்பில் வைத்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான். சொல்யூஷன் என்கிற பஞ்சர் பசை வேண்டாம், காய விட வேண்டாம். இணையத்தில் வரவழைத்தேன், பெட்டி 120 ரூபாய். அதாவது ஓர் ஒட்டு 20 ரூபாய். பஞ்சருக்கு நான் வாங்குவதே 40. சொல்யூஷன் டியூப் ஒன்று 15 ரூபாய். அதில் இருபது பஞ்சர் பார்ப்பேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எந்தக் கடைக்காரரும் பெட்டியை அப்படியே மூடித் திருப்பி அனுப்பிவிடுவார்.

வேலையிலும் அது பழைய முறைக்கு ஈடாகாது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை விரலால் பரப்பி, ஐந்து நிமிடம் விட்டால் அதிலுள்ள கரைப்பான் பறந்துபோகும், பளபளப்பு மங்கும். அந்த நேரம் பார்த்து ஒட்டை வைத்து அழுத்தினால் ரப்பரும் ரப்பரும் ஒன்றாகிவிடும். பிறகு பிய்த்தால் டியூப்தான் கிழியும். இந்தப் புது ஒட்டோ டியூப்போடு சேர்வதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. வியர்த்த கை பட்டாலும், டியூப்பின் அச்சுக்கோட்டைத் தேய்த்துச் சமமாக்காமல் விட்டாலும், டியூப்மேல் பூசிவரும் பவுடர் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

இன்னொரு தொல்லை: ஒட்டிய டியூப்பை டயருக்குள் போடாமல் காற்றடிக்கக் கூடாது. ரப்பர் உப்பும், ஒட்டு உப்பாது, பிடி விட்டுவிடும். ஒட்டியதைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் பாதி. வாடிக்கையாளர் கண்ணுக்கு முன்னால் அதைச் செய்தால்தான் அவருக்கும் காசு கொடுக்க மனம் வரும். இப்போது, "தண்ணியில் காட்ட மாட்டீர்களா?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். பெட்டிக்குள் வந்த துண்டுச் சீட்டைக் காட்டி நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டில் குறித்த கணக்கு: மார்ச் தொடங்கி ஜூன் முடிய 114 ஒட்டுகள் ஒட்டினேன். 19 திரும்பி வந்தன. அதில் 11 மே மாதத்தில், வெயிலில் நிறுத்திய சைக்கிள்கள். பால்காரர் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு மிதிப்பவர். அவருக்கு ஒட்டியது மூன்றாம் நாளே நெகிழ்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பால் திரிந்த கேனை என் கடை வாசலில் இறக்கிவைத்தார். அதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்?

பிறகு ஏன் இதையே வாங்குகிறேன் என்றால், மூக்குக்காக. என் மூக்குக்காக அல்ல.

சென்ற ஆண்டு ஒரு பையனை வேலைக்குச் சேர்த்தேன். ஆதார் அட்டையில் பதினெட்டு முடிந்ததைப் பார்த்த பிறகே சேர்த்தேன். பெயர் எழுதவில்லை, பையன் என்றே சொல்கிறேன். எங்கள் ஊர் ரயில் சந்திப்பில் ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளைக்கு இதைவிட வசதியான இடமில்லை. பதினொரு வயதில் அவன் அப்படி வந்து இறங்கியவன். மூன்று வருடம் நடைமேடை, பிறகு ஒரு விடுதி. விடுதிக்காரர்கள்தான் தொழில் கற்கட்டும் என்று என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

கோட்டம் எடுப்பதில் அவனுக்கு என்னைவிடப் பொறுமை. ரிம்மைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, பிரேக் கட்டையில் உரசும் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி என்று சொல்லிவிடுவான். பஞ்சர் வேலை என்று வந்தால்தான் ஆளே மாறிவிடுவான். நான் சொல்யூஷன் மூடியைத் திருகுவேன். அவன் பேச்சு பாதியில் நிற்கும். எச்சில் விழுங்குவான். கண் டியூப்பின் வாயிலேயே இருக்கும். தொழிலில் எவ்வளவு கவனம் என்று நான் மெச்சிக்கொண்டேன். என்னை என்ன சொல்ல? டியூப்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தபோதுகூட அளவு குறைத்து அனுப்புகிறான் என்று சரக்குப் போடுகிறவரைத்தான் திட்டினேன்.

ஒரு நாள் காலை கடையைத் திறந்தால், பின்பக்கம் படுத்திருந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. நினைவு இருக்கிறது. பேசுகிறான். "கால் வரவில்லை முதலாளி" என்கிறான். தூக்கிவிட்டால் மாவு மூட்டைபோல் தொய்கிறது. டீக்கடைக்காரர் காற்றுக் கருப்பு என்றார். வேப்பிலை பறிக்கவும் போய்விட்டார். நான் ஆட்டோவில் போட்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "பெயிண்ட் வேலையா, பஞ்சர் வேலையா?"

சொல்யூஷனிலும் தின்னரிலும் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. வெளியேற வேண்டிய அமிலம் உடம்பில் தங்கிவிடுகிறது. தங்க வேண்டிய பொட்டாசியம் சிறுநீரில் போய்விடுகிறது. பொட்டாசியம் இல்லாவிட்டால் தசை சுருங்கி இழுக்காது. மருந்து ஏற்றினார்கள்; மறுநாள் மாலை பையன் எழுந்து நடந்தான். நடந்ததும் நேராக மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே மருத்துவர் அம்மா ஒருவர். என்னையும் உட்காரவைத்துப் பேசினார். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது, ஏனென்றால் சொல்யூஷன் ரப்பரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். "மூளை நரம்புகளுக்கு மேலே கொழுப்பால் ஆன உறை இருக்கிறது ஐயா, மின்கம்பிக்கு ரப்பர் உறைபோல. இந்தக் கரைப்பான் கொழுப்பைத் தேடிப் போய் உட்காரும். வருடக்கணக்கில் முகர்ந்தவர்களுக்கு அந்த உறையே சிதைந்துபோகும். ஸ்கேனில் தெரியும்." பஞ்சர் ஒட்டும் நான்கு படிகளில் பையன் ஏன் அடிக்கடி ஒன்றை மறக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்காக அவனை எத்தனை முறை மண்டையில் தட்டியிருக்கிறேன்!

முகர்ந்தால் கண்ணுக்கு என்னதான் தெரியும் என்று பையனைக் கேட்டது நான்தான். மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து, டம்ளர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான். நடுக்கம் அப்போதும் இருந்தது.

"கொஞ்ச நேரத்தில் பிளாட்பாரம் நெளியும் முதலாளி. பாயை உதறுகிற மாதிரி. விளக்குக் கம்பத்து வெளிச்சம் கீழே இறங்கிச் சின்னச் சின்ன ஆட்களாகும். விரல் உயரம்தான் இருப்பார்கள். தலையில் மூட்டை வைத்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள்."

"பயமாக இருக்காதா?"

"முதல் நாள் இருந்தது. பிறகு எண்ண ஆரம்பித்துவிட்டேன்."

சில நாள் அவனுடைய ஆயா (பாட்டி) வருவாளாம். அவள் செத்த பிறகுதான் அவன் வீட்டை விட்டு ஓடிவந்தது. நடைமேடைக் கோடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கடலை உரிப்பாளாம். உண்மையில்லை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். கடலையை வாயில் போட்டால் ருசி இருக்காது. ஆனால் ஆயா என்னைக் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை வேறு யாரும் சொல்வதில்லை."

அந்தப் பெயரை நான் கேட்கவில்லை.

நான்கைந்து பேர் சேர்ந்து முகரும்போது ஒருவன் "ஆடு வருது பார்" என்றால் மற்ற எல்லோருக்கும் ஆடு தெரியுமாம். இதை மருத்துவரிடம் சொன்னேன். வியந்துபோவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். அந்த நிலையில் காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் காட்சியும் மனத்துக்கு ஒன்றாகிவிடும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், உள்ளே பயமா ஏக்கமா என்பதெல்லாம் சேர்ந்துதான் உருவம் வரும் என்றார். அதே டியூப்பில் ஒரு நாள் ஆயா வருவதும் இன்னொரு நாள் தலையில்லாத போலீஸ்காரர் வருவதும் அதனால்தான். கூட்டாளி ஒருவனுக்குச் சரக்கு ரயிலைக் கையால் நிறுத்த முடியும் என்று தோன்றியதாம். அதற்கு மேல் பையன் சொல்லவில்லை.

எதற்காக மறுபடி மறுபடி என்பதற்கு மருத்துவர் சொன்ன காரணம் எளிமையானது. நுரையீரலிலிருந்து மூளைக்குப் போக அதற்குச் சில நொடிகளே போதும். ஆனால் தங்குவது சில நிமிடங்கள், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். ஆயா எழுந்து போய்விடுவாள். அவளைத் திரும்ப உட்காரவைக்க மறுபடி முகர வேண்டும். இதற்கிடையில் பசியும் மரத்துப்போகும். பதினைந்து ரூபாய்க்கு நாள் முழுக்கப் பசி தெரியாமல் இருக்க வேறு எது கிடைக்கும்? 2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட, டெல்லி எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பைக் காட்டினார். சாராயம், கஞ்சா என்று எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் விகிதத்தில் அதிகம். பிள்ளைகள் பெரியவர்களை முந்துவது முகரும் பொருளில் மட்டும். உதவி தேவைப்படும் பிள்ளைகள் நாடு முழுக்க 4.6 லட்சம் பேர்.

அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது வேறு. சைக்கிளே இல்லாத பிள்ளைகள் என் கடையில் சில்லறையை எண்ணிக் கொடுத்து மூன்று மூன்று டியூப்களாக வாங்கிப் போயிருக்கிறார்கள். எதற்கடா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதியதை அழிக்கும் வெள்ளை மையையும் அதற்கான தின்னரையும் பாட்டிலில் சில்லறையாக விற்கக் கூடாது என்று 2012இல் மத்திய அரசு தடை போட்டது. பேனா வடிவில் கொஞ்சமாக வருவதற்கு மட்டும் அனுமதி. பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்காரர் அப்போது புலம்பியதும், நான் சிரித்ததும்கூட நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைக்குப் பின்னால் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பம்பைத் தூக்கிக்கொண்டு விரட்டியிருக்கிறேன். நல்ல காரியம் என்று நினைத்தேன். இதைச் சொன்னபோதுதான் மருத்துவர் முகம் மாறியது. "இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். முகர்ந்தபடி இருக்கும் பிள்ளையைத் திடுக்கிட வைத்தாலோ ஓட வைத்தாலோ இதயம் தாளம் தப்பி அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். முதல் தடவை முகர்பவனுக்கும் இது நடக்கும்." இந்தக் கரைப்பான்கள் இதயத்தை, பயத்தில் சுரக்கும் அட்ரினலினுக்கு அளவுமீறித் துள்ள வைத்துவிடுகின்றனவாம். மில்லார்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படித் திடீரென்று செத்துப்போன 110 இளைஞர்களைப் பற்றி 1970லேயே எழுதியிருக்கிறார். நான் கடை தொடங்குவதற்குப் பத்தொன்பது வருடம் முன்பு. பம்பை இப்போது உள்ளே மாட்டிவைத்திருக்கிறேன்.

மருந்து கொடுங்கள் அம்மா என்று கேட்டேன். இதற்கென்று ஏற்கப்பட்ட மருந்து கிடையாது என்றார். பேச்சும், ஒழுங்கான சாப்பாடும், தூக்கமும், செய்வதற்கு ஒரு வேலையும்தான் வைத்தியம். (விடுதியிலிருந்தபோது அவனை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். மொட்டையடித்து, பட்டினி போட்டு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். வெளியே வந்த அன்றே அவன் போன இடம் ஒரு பஞ்சர் கடை.) பிறகுதான் மருத்துவர் இந்தப் பெட்டிக்கு வித்திட்ட வார்த்தையைச் சொன்னார்: "போதை மட்டும் இழுக்காது ஐயா. அந்த வாசனை இழுக்கும். மூடி திருகும் சத்தம் இழுக்கும். கடையில் வாசனையை நிறுத்த முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக் கொடுங்கள்."

வாசனையில்லாத பஞ்சர் கடை! மணமில்லாத மல்லிகைக் கடை என்பதுபோல எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பழங்குடி ஊர்களில் பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்து சீரழிந்தபோது, அங்கே பெட்ரோலையே மாற்றினார்கள் என்றார். டொலுயீன் வகையறா மிகக் குறைந்த ஓப்பல் என்ற எரிபொருளை 2005இல் கொண்டுவந்தார்கள். வண்டி ஓடும், முகர்ந்தால் கிறுகிறுப்பு வராது. அது பரவிய ஊர்களில் முகர்வது வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி மாளாமல், பெட்ரோலுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

அன்று இரவே கடையிலிருந்த சொல்யூஷன் டியூப்களை எல்லாம் கட்டி, அடுத்த தெருவில் டூவீலர் பஞ்சர் போடும் நண்பரிடம் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். பூட்டிவைக்கச் சொல்லியும் இருக்கிறேன். மறுநாள் இந்தப் பெட்டிக்கு ஆர்டர்.

முதல் பெட்டி வந்தபோது நான் தனியாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியின் வாசனை, அதுவும் மூக்குக்கு மிக அருகே கொண்டுபோனால்தான். பிறகு பையன் கையில் கொடுத்தேன். உரித்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எச்சில் விழுங்கவில்லை. ஒட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒன்றும் சொல்லவில்லை முதலாளி" என்றான்.

அந்த ஒரு மதிப்பெண் இதற்குத்தான்.

பெட்டி ஆளைக் குணப்படுத்திவிட்டது என்று எழுதினால் பொய். மே மாதம் எதிர்வீட்டில் கிரில்லுக்கு எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். இரண்டு நாள் தெரு முழுக்கத் தின்னர் வாசனை. மூன்றாம் நாள் பையன் வரவில்லை. நான்காம் நாள் வந்தான், கண் சிவந்து, வாயைச் சுற்றிப் புண்ணோடு. சாதாரணமாகப் போதைக்குப் பார்க்கும் சிறுநீர்ச் சோதனையில் இது அகப்படாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு அது தேவையும்படவில்லை, சட்டையே சொல்லிவிட்டது. திட்டவில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்து, பிற்பகல் பஸ்ஸில் முண்டியம்பாக்கம் கூட்டிப்போனேன். மருத்துவர், "எத்தனை நாள் தாக்குப் பிடித்தாய் தம்பி?" என்றார். "எழுபத்தியிரண்டு" என்றான். எண்ணிவைத்திருக்கிறான். எண்ணுவதில் அவன் கெட்டிக்காரன் என்று முன்பே சொன்னேனே.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. சொந்தச் சைக்கிளை மிதிப்பவர், வழியில் பஞ்சரானால் சமாளிக்கப் பையில் ஒரு பெட்டி போட்டுக்கொள்ளலாம். அதற்கு இது அருமை. பாரம் ஏற்றும் சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம். பால்காரருக்கு நான் புது டியூப்பே மாற்றிக் கொடுத்துவிட்டேன், பாதிக் காசுக்கு. மொபெட், மோட்டார் சைக்கிளுக்கு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஒட்டியதும் ஒரு நிமிடமாவது கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அழுத்துங்கள். பையன் அறுபது வரை வாய்விட்டு எண்ணி அழுத்துகிறான். அவன் ஒட்டியவற்றில் திரும்பி வந்தவை நான் ஒட்டியவற்றில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் யாருக்காவது இந்தப் பழக்கம் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம்; பம்பைத் தூக்க வேண்டாம்.

தயாரிப்பாளருக்கு இரண்டு வேண்டுகோள். கடைக்காரர்களுக்கு என்று ஐம்பது ஒட்டாக, விலை குறைத்து ஒரு பெட்டி போடுங்கள். சென்ற வாரம் வந்த பத்துப் பெட்டியில் மூன்றில் உப்புத்தாள் இல்லை. நான் கடையில் வாங்கிக்கொள்கிறேன், பரவாயில்லை. ஆனால் பையன் பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் எடுத்து வைக்கிறான். அடுத்த பத்துப் பெட்டிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். பார்த்து அனுப்பவும்.